டி.சி. வாங்கி வந்தவர்கள்

மே மாதம் எங்களுக்கு அறுவடைக் காலம். பத்தாம் வகுப்பு முடிவு காலையில் வந்தால், மாலைக்குள் டுடோரியல் படிக்கட்டில் செருப்பு கழற்ற இடமிருக்காது. ஊரே தோற்ற பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் ரசீதுப் புத்தகம் புதிதாக அச்சடித்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

திருப்பூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்த டுடோரியலில் 2004 முதல் 2022 வரை கணக்கு நடத்தினேன். கீழே இறங்கினால் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள். மாணவர்களில் பாதிப் பேர் அங்கே தையல்காரருக்குக் கையாளான கைமடியாகவோ, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கிலோ வேலை பார்த்தார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வகுப்பு காலியாக இருக்கும். சனிக்கிழமை சம்பள நாள், அன்றும் யாரும் வரமாட்டார்கள். மற்ற நாட்களில் தலைமுடியில் பஞ்சோடு வந்து உட்காருவார்கள்.

அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது கணக்கு அல்ல, 35. பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் அப்போது ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10. பதினைந்தும் இருபதும் முப்பத்தைந்து. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்து, தொடுகோடு வரையப் பழகி, வரைபடத் தாளில் புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும், கரை சேர்ந்துவிடலாம். இயற்கணிதத்தின் பக்கமே போகாமல் கணக்கில் தேறியவர்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 2019-20இல் புதிய பாடத்திட்டத்தோடு வினாத்தாளும் மாறியது. ஒரு மதிப்பெண் கேள்வி 14, வடிவியலும் வரைபடமும் தலா 8. கூட்டிப் பார்த்தால் 30. பல வருடம் என் சோற்றைக் காத்த கணக்கில் ஐந்து மதிப்பெண் துண்டு விழுந்தது. அன்றைக்கு நான் பட்ட கவலையைக் கேட்டிருந்தால், தேர்வு எழுதப்போவதே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

மாடிக்கு ஏறி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பிரைவேட்டாக எழுதினாலும் அதே சர்டிபிகேட்தானே சார்?" ஆமாம், அதேதான். பள்ளியில் படித்து எழுதினாலும் தனித்தேர்வராக எழுதினாலும் சான்றிதழ் தருவது அதே அரசுத் தேர்வுகள் இயக்ககம். வினாத்தாளும் ஒன்று, திருத்துகிற ஆசிரியர்களும் அவர்களே. எட்டாவதோடு நின்றவர், பதினான்கரை வயது நிரம்பியிருந்தால், பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்கூட்டியே பதிந்துகொண்டு, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ப் பழகிவர வேண்டும். அதை மறந்துவிட்டு ஜனவரியில் தலையில் கை வைத்தவர்கள் ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள்.

இந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பத்து நான்கு வயதில் ஒரு வெல்டர் வந்தார். வளைகுடா நாட்டுக்குப் போக வேண்டும். பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி கேட்கும் முத்திரை விழாது, ஏஜெண்டுக்குப் பின்னால் அலைய வேண்டியதில்லை. அவருக்கு எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது? மகனோடு சேர்ந்து ஒரே வருடம் எழுதினார், மகனைவிட ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண் அதிகம் வாங்கிவிட்டு அதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். கணக்கு என்றாலே கை நடுங்கிய ஒரு பையனை நானே தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே கணக்கு எடுக்காமலே பத்தாவது முடிக்கலாம். ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகத் தேறிச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு வாத்தியாரே கணக்கு வேண்டாம் என்று அனுப்பியதை அறிந்த எங்கள் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

படி தாண்டிப் போய் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்தேன். ஒருவர் எம்.ஏ. பட்டத்தை நெகிழி உறையில் போட்டுக் கொண்டுவந்து, +2 எழுத வேண்டும் என்றார். +2 படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர். 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை எண் 107, பத்தும் பன்னிரண்டும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று சொல்லிவிட்டது. தேர்வாணைய அறிவிக்கைகளிலும் பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற அந்த வரிசையைத்தான் கேட்கிறார்கள். மாடி கட்டிவிட்டு அஸ்திவாரம் போட வந்திருந்தார் மனிதர். +2 முடித்தாலும் பட்டத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னபோது, அவர் பட்டத்தைத் திரும்ப உறைக்குள் வைக்கவே வெகுநேரம் ஆனது.

ஆனால் இவர்கள் எல்லோரும் பள்ளிக் கதவு சாத்திய பிறகு வந்தவர்கள். என்னை உறுத்துவது கதவு திறந்திருக்கும்போதே வந்தவர்கள்.

2019 மே மாதம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாவது முடித்திருந்தாள். கணக்கிலும் அறிவியலிலும் பலவீனம். பள்ளியில் கூப்பிட்டு, "தேர்ச்சி போட்டு டி.சி. தந்துவிடுகிறோம், பத்தாவதை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். வருடாவருடம் வாசலில் கட்டும் நூறு சதவீதத் தேர்ச்சி பேனருக்குப் பின்னால் இப்படி வெளியே போன பிள்ளைகளின் டி.சி.கள் இருக்கின்றன. அவை எங்கே வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மேசை டிராயரில் சேரும்.

அந்த அம்மா கேட்டார்: "கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்ப்பதா, இங்கே சேர்த்துவிட்டுப் பிரைவேட்டாக எழுத வைப்பதா? இங்கே என்றால் பகலில் என்னோடு கம்பெனிக்கு வருவாள். நீங்கள் சொல்லுங்கள் சார், அப்படியே செய்கிறேன்."

அரசு உயர்நிலைப் பள்ளி எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. கையில் டி.சி. இருக்கிறது, ஜூன் முதல் வாரம் போனால் சேர்த்துக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியும். முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததும் தெரியும். "இங்கேயே சேர்த்துவிடுங்கள் அம்மா. ஒரே வருடம், அதே சர்டிபிகேட்" என்றேன். ரசீதை நானே எழுதினேன்.

அவள் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தாள். தீபாவளி ஆர்டர் சமயத்தில் இரண்டு வாரம் காணவில்லை, பிறகு வந்தாள். பள்ளியாக இருந்தால் வகுப்பாசிரியர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமாவது ஏன் வரவில்லை என்று கேட்டனுப்புவார். நாங்கள் கேட்கவில்லை. கட்டணம் முன்பே வந்துவிட்டது, கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. அதே சான்றிதழ் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேனே, அந்தச் சான்றிதழ்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பள்ளியில் அதில் பாதியை வேறு யாரோ சுமக்கிறார்கள். எங்கள் மாடியில் முழுவதும் அந்தப் பதினைந்து வயதுத் தலையில்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூனுக்குத் தள்ளிவைத்து, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து செய்தார்கள். பள்ளியில் படித்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு. அன்று மாலை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. "சார், ஆல் பாஸ் என்கிறார்கள். நாங்களுமா சார்?"

அவர்கள் இல்லை. தனித்தேர்வர்களுக்குக் காலாண்டும் கிடையாது, அரையாண்டும் கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் ஒரு நாள்கூட உள்ளேன் ஐயா சொன்னதில்லை. எதை வைத்து மதிப்பெண் போடுவார்கள்? செப்டம்பரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய் எழுதினார்கள். பஸ் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அறிவியல் போயிற்று. அவளை வெளியே அனுப்பிய பள்ளியில் அவளோடு படித்த அத்தனை பேரும் தேறியிருந்தார்கள். நடந்து போகும் தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியிலும் அப்படியே. அந்த மே மாதத்தில் நான் அந்தப் பக்கம் கை காட்டியிருந்தால் அவளும் தேறியிருப்பாள்.

அடுத்த வருடம் +2 தேர்விலும் இதே கதை. பள்ளி மாணவர்களுக்குப் பத்தாவது, +1 மதிப்பெண்களையும் +2 செய்முறை, அகமதிப்பீட்டையும் கொண்டு தேர்ச்சி, தனித்தேர்வர்களுக்கு ஆகஸ்டில் தேர்வு. பெருந்தொற்றை யார் முன்கூட்டிக் கண்டார்கள் என்று நண்பர்கள் எனக்குச் சமாதானம் சொல்வார்கள். சரிதான். ஆனால் கொரோனா இல்லாமலும் அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குக் கிடைப்பது வேறு. 2020இல் மருத்துவப் படிப்பில் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் சரி, 2022இல் கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வந்த புதுமைப் பெண் திட்டமும் சரி, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுதான் வந்தபோது கேட்டன. மாடியில் படித்ததற்கு அங்கே கட்டம் இல்லை.

அந்தப் பெண் அறிவியலை மறுபடி எழுதித் தேறினாள். +1 சேரவில்லை. இப்போது செக்கிங்கில் சூப்பர்வைசர். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் டிபன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வணக்கம் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

2022 ஜூனில் ஒரு தாய்மாமன் தன் அக்காள் மகனோடு வந்தார். அப்பா இல்லாத பையன். அரசுப் பள்ளியில் +1 வணிகவியல் பிரிவு. ஜனவரியோடு நின்றுவிட்டு சிங்கர் மெஷினில் தைக்கப் போய்விட்டான், மே மாதத் தேர்வு எழுதவில்லை. "+1, +2 இரண்டையும் பிரைவேட்டாக எழுதட்டும் சார். கையில் காசு பார்த்துவிட்டான், இனிமேல் யூனிபார்ம் போடமாட்டான்" என்றார் மாமா. பையன் என் முகத்தைப் பார்க்காமல் மேசை விளிம்பில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

நான் அவனுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது +1க்கும் அரசுத் தேர்வு இருந்தது. +1இல் ஆறு தாள், +2இல் ஆறு தாள், மொத்தம் பன்னிரண்டு. எங்கே இருந்தாலும் பன்னிரண்டுதான், ஒன்றுகூடக் குறையாது. +1இல் தேறாவிட்டாலும் +2 வகுப்பில் உட்காரலாம், விட்ட தாள்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அங்கே ஆறு பாடத்துக்கு ஆள் இருக்கிறார்கள், புத்தகம் இலவசம், பஸ் பாஸ் இருக்கிறது. இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதற்கும் காசு.

"நீங்களே இப்படிச் சொன்னால் கடையை எப்படி நடத்துவது?" என்று முதலாளி அவர்கள் போன பிறகு கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த ஆகஸ்டோடு நான் நின்றுகொண்டேன். இது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் பெருமையடிப்பதாகும். சம்பளமும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

பள்ளிக்கு நானும் கூடப் போயிருந்தேன். தலைமையாசிரியர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பெயரை நாங்கள் எடுக்கவே இல்லையடா" என்றார். மாமா என்னை என்னவோ சாதித்துவிட்டவனைப் போலப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. பெயர் அங்கேயேதான் இருந்தது.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்ற பயம் எனக்கு 2023 மார்ச்சில் வந்தது. +2 தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்று பத்திரிகைகள் எழுதியபோது, அவர்களில் எத்தனை பேர் இவனைப் போலப் பதிவேட்டில் மட்டும் இருந்தவர்கள் என்று நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் அலைபேசியைப் பையனிடமே கொடுத்துவிட்டார்.

"எழுதினேன் சார். தமிழ் பரவாயில்லை. கணக்குத்தான்..." என்று இழுத்தான். மறுநாள் மாலை வணிகக் கணிதப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தான். முதல் பாடம் அணிகள். அந்தப் பக்கங்கள் மட்டும் அழுக்காக இருந்தன, நுண்கணிதத்திலிருந்து கடைசிவரை புத்தம் புதிது. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"ஃபீஸ் எவ்வளவு சார்?"