வளையக் கம்பியும் வான் நைஸ் கட்டடமும்

லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வான் நைஸ் பகுதியில் 1966இல் கட்டிய ஏழு மாடி ஹோட்டல் ஒன்று உண்டு. நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எந்தக் கட்டட வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் எனக்கு அதன் ஞாபகம்தான் வரும். கொங்கிரீட் தூண், தட்டையான தளம், விளிம்பைச் சுற்றி பீம், ஒரு பக்கத்துக் கீழ்த்தளத்தில் மட்டும் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர். கஸ்தூரியார் வீதியில் எழும்பும் கடைக் கட்டடங்களும் ஏறக்குறைய இதே சாதிதான்.

அந்த ஹோட்டலில் அதிர்வுமானிகள் இருந்தன. 1971 சான் பெர்னாண்டோ பூமியதிர்ச்சியை அவை பதிந்தன. பூச்சும் உட்சுவர்களும்தான் பெரும்பாலும் வெடித்திருந்தன. திருத்தி மறுபடி திறந்தார்கள். பதிவு சொன்ன கதை வேறு. கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், அமைதியான நாளில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது. நேரம் இரண்டு மடங்கானால், வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்பு நாலில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். அடிமண் இளகியதும் அதில் சேரும்தான். என்றாலும், கண்ணுக்குத் தெரியாத இளக்கத்தைக் கருவி வரைந்த ஒரு கோடு காட்டிவிட்டதே, அதுதான் எனக்குப் பெரிது.

1994 ஜனவரி 17, நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சி. இந்த முறை தெற்குப் பக்கத்தில், தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணினால் நான்காம் மாடித் தூண்கள், மேல் தளத்துக்குச் சற்றுக் கீழே குறுக்காக வெடித்தன. கொங்கிரீட் உதிர்ந்து, தூணுக்குள் நெட்டுக்கு நிற்கும் நெடுங்கம்பிகள் வளைந்து வெளியே வந்தன. அங்கே தூணைச் சுற்றியிருந்த வளையங்கள் கால் அங்குலக் கம்பி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் அடி. விறகுக் கட்டு ஒன்றை இரண்டே இடத்தில் கட்டித் தலையில் வைத்தால் நடுவில் பிதுங்குமே, அப்படித்தான். பிறகு புதிய கொங்கிரீட் சுவர்கள் சேர்த்துக் கட்டடத்தை வலுப்படுத்தினார்கள். கருவிகளைக் கழற்றவில்லை. அந்த முடிவுக்கு நான் மனதாரக் கைகூப்புவேன்.

வலுப்படுத்தியது வேலை செய்ததா என்று அறியவும் கருவியின் பதிவுதான் வேண்டும். தோக்கியோவின் 54 மாடி ஷின்ஜுகு சென்டர் கட்டடத்தில் 2009இல் ஆட்டத்தை உறிஞ்சிக் குறைக்கும் 288 எண்ணெய்த் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். 2011 மார்ச் மாதப் பெரும் பூமியதிர்ச்சியில் அது சுமார் 13 நிமிடம் ஆடியது. உச்சியில் 54 சென்ரிமீற்றர் வரை. தணிப்பான் இல்லாதிருந்தால் ஆட்டம் எவ்வளவு கூடியிருக்கும் என்று அந்தக் கட்டடத்தின் சொந்தப் பதிவை வைத்தே கணக்கிட்டார்கள்.

“பிள்ளை, இஞ்சை எங்கை பூமியதிர்ச்சி?” கொக்குவிலில் வேலை செய்யும் மேசன் அண்ணை கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. நாங்கள் புவித்தட்டின் விளிம்பில் இல்லை, நடுப்பகுதியில் இருக்கிறோம். 2011இல் அதிர்ச்சி மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி ஒசாக்காவில் 55 மாடிக் கட்டடம் ஆடியதே என்றால், அது நெடிய கட்டடங்களின் பிரச்சினை. மெதுவான தூர அலைகள் எங்கள் மூன்று மாடியை அவ்வளவாக ஆட்டாது.

ஆனால் அந்த வளையம் பூமியதிர்ச்சிக்கு மட்டுமா கட்டுவது? இரண்டு மாடிக்கென்று போட்ட தூண். கனடாவிலிருந்து காசு வந்ததும் மூன்றாவது மாடி ஏறுகிறது. நெடுங்கம்பி பிதுங்காமல் பிடிப்பது அதே வளையம்தான். அதனால்தான் அண்ணையிடம் தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வளையத்தை நெருக்கிக் கட்டச் சொல்கிறேன். வளையத்தின் வாலை வெறும் செங்கோணமாக மடித்தால், வெளிக்கொங்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். அதைத் தூணின் உள்ளே, 135 பாகைக்கு மடிக்க வேண்டும். கை நோகும் வேலைதான். அவர் செய்து தருகிறார்.

மாடி ஏற்றுவதற்கு முன் கட்டடத்தை அளக்கவும் வேண்டும். காற்றும் வீதியில் போகும் லொறியும் தரும் சிறு நடுக்கமே போதும், ஆடும் நேரம் தெரிந்துவிடும். தரையில் ஒரு கருவி, மொட்டைமாடியில் ஒரு கருவி. அப்போதுதான் நிலத்தின் அசைவையும் கட்டடத்தின் அசைவையும் பிரிக்கலாம். கொக்குவில் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். மூன்றாம் மாடித் தளம் போடுவதற்கு முன் ஒருமுறை, கொங்கிரீட்டைத் தாங்கிய பலகை கழற்றிய பின் ஒருமுறை அளக்கப் போகிறோம்.