டாடாமொபைலுக்கு டோர் பீடிங் மாற்றிய கதை

ஆடி மாதம் எங்கள் பக்கம் மழை நேராக இறங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அதைச் சாய்த்து இழுத்துக்கொண்டு வரும். பொள்ளாச்சியில் குடை பிடித்து நடந்தவர்களுக்குத் தெரியும். அந்த மழையில் எங்கள் டாடாமொபைலில் போனால் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கால் நனையும். அதற்காகவே அப்பா ஒரு சாக்கை மடித்துக் காலடியில் போட்டு வைத்திருப்பார். மழை இல்லாத மாதங்களில் தண்ணீருக்குப் பதில் மஞ்சித் தூள், அதாவது தேங்காய் நார்த் தூள். தென்னைநார் மில் வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், டேஷ்போர்டில் விரலால் பெயர் எழுதலாம்.

"கதவு லப்பர் போயிருச்சு, மாத்தோணும்" என்று அப்பா ஏழெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம், நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. பீடிங்கை, அதாவது கதவைச் சுற்றி வரும் அந்த ரப்பரை, மாட்ட ஆன நேரம் கதவு ஒன்றுக்கு முக்கால் மணிதான். மீதி எல்லாம், தலைகீழாகச் செய்ததைத் திருப்பிச் செய்த நேரம்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டாடாமொபைல் 206, 1988-இல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கொண்டுவந்த பிக்கப். 1948 சிசி டீசல் எஞ்சின். லாரி செய்துகொண்டிருந்த கம்பெனி கார் பக்கம் வருவதற்கு வைத்த முதல் படி என்று சொல்லலாம். 1991-இல் வந்த சியராவும் அடுத்த வருடம் வந்த எஸ்டேட்டும் இதன் வழியில் பிறந்தவைதான். எங்களுடையது 1993 மாடல். அப்பா இரண்டாவது ஓனர். இப்போது ரோட்டில் இன்னொன்றைப் பார்த்தால் இரண்டு பேருமே ஹாரன் அடித்துக்கொள்கிற அளவுக்கு அருகிவிட்டது.

முதலில் பழையதைக் கழற்றினேன். கழற்றினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேல் பக்கம் இழுத்த இழுப்பில் நமுத்த முறுக்கு மாதிரி வந்தது. வெயில் படுகிற இடங்களில் காய்ந்த முறுக்கு மாதிரி ஒடிந்தது. கீழே வந்தால் வேறு கதை. அப்பா எப்போதோ சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, பஞ்சர் சொல்யூஷன் தடவி, பழைய ரப்பருக்கு மேலேயே ஒட்டியிருந்தார். அது ஒரு மழைக்காலம் தாங்கியிருக்கும். அதற்குப் பின் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. டியூபை உரித்தபோது கூடவே துருவும் செதிலாக வந்தது.

அந்தப் பசையை எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. தின்னர் வேகமாக எடுக்கும், ஆனால் பெயின்ட்டையும் சேர்த்து எடுக்கும். ஒரு விரல் அகலத்துக்குப் போன பிறகுதான் கவனித்தேன். அப்புறம் தங்கையின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி, மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். மண்ணெண்ணெய் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதனால் சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவிக் காய வைக்க வேண்டும். துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எமரி போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மறுநாள் மேல் பெயின்ட் கொடுத்தேன். இதுவரைக்கும் சரியாகத்தான் போனது.

கடையில்தான் முதல் தப்பு. டோர் பீடிங்கில் பொதுவாக இரண்டு விதம் பார்த்தேன். ஒன்று, பசை போட்டு ஒட்டுகிற வெறும் ஸ்பாஞ்ச் ரப்பர். இன்னொன்று, உள்ளே இரும்புத் தகடு வைத்த 'ப' வடிவக் கவ்வி. அதன் முதுகில் குழாய் மாதிரி ஒரு ரப்பர். கதவுச் சட்டத்தைச் சுற்றி இரண்டு தகரங்கள் சேர்கிற விளிம்பு இருக்கிறதே, அதில் இந்தக் கவ்வியை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம். கதவு மூடும்போது குழாய் நசுங்கி இடைவெளியை அடைக்கும். எங்கள் வண்டிக்கு இந்த இரண்டாவது வகை.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் மூன்று தடிமனில் எடுத்துக் காட்டினார்கள். பழைய துண்டைக் கையில் கொண்டுபோயிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் போனில் போட்டோதான் வைத்திருந்தேன். போட்டோவில் தடிமன் தெரியாது. 'ஒழுகுகிற வண்டிதானே, தடிமனாகவே போடுவோம்' என்று இருப்பதிலேயே பெரிய குழாய் உள்ளதை வாங்கினேன். சணல் கயிறு வைத்து அளந்ததில் கதவு ஒன்றுக்குப் பதினோரு அடி வந்தது. இரண்டு கதவுக்கும் சேர்த்து இருபத்திநான்கு அடி எடுத்தேன்.

மாட்டினேன். மேலே நடுவில் ஆரம்பித்து, மூலைகளில் நன்றாக இழுத்துப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் டைட்டாக. பார்ப்பதற்குக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்தினேன். பந்து மாதிரி திரும்பி வந்தது. ஓங்கிச் சாத்தினேன், பாதி லாக்கில் நின்றது. தோள் கொடுத்துத் தள்ளினால்தான் முழு லாக். அப்பா ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, "இதுக்கு ஒழுகுனதே பரவால்ல சாமி" என்று போய்விட்டார்.

புது ரப்பர், நாளானால் படிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாளில் படியவில்லை. மேலே இருந்த ஜாயின்ட்தான் அரை அங்குலம் திறந்துகொண்டது. இழுத்துப் பிடித்து மாட்டினேன் இல்லையா, ரப்பர் தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. வெயிலில் நின்ற வண்டி என்பதால் இன்னும் சீக்கிரம். சரியாகத் தலைக்கு மேலே ஜாயின்ட். முதல் மழையில் கழுத்தில் சொட்டியது. முன்பு கால்தான் நனைந்தது.

பிறகுதான் டிங்கர் அண்ணனிடம் போனேன். அவர் பீடிங்கைப் பார்க்கவே இல்லை. கதவைப் பாதி திறந்து, நுனியில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கினார். டக்கென்று ஒரு சத்தம். கதவு ஒரு நூல் மேலே போய்த் திரும்ப இறங்கியது.

"கதவு தொங்குது தம்பி. தொங்குற கதவுக்கு நீங்க என்ன லப்பர் போட்டாலும் கீழ நசுங்கும், மேல வாயப் பொளக்கும்."

மேல் கீலின் பின் தேய்ந்திருந்தது. அதைத் தட்டி எடுத்து, லேத்தில் கொடுத்து, ஓட்டைக்குச் சரியாக உட்கார்கிற மாதிரி கொஞ்சம் தடிமனாகக் கடைந்து வாங்கிப் போட்டார். முப்பது வருடக் கதவு அன்றைக்கு நிமிர்ந்தது. அந்தத் தடிமன் பீடிங்கைக் கழற்றி ஓரமாகப் போடச் சொன்னார். கிழிந்த பழைய ரப்பர்த் துண்டுகளில் நசுங்காத ஒன்றைத் தேடி எடுத்து அவர் கொடுத்துவிட்ட பிறகு, டாடா 207 பிக்கப்புக்குப் போடுகிற அளவில் சரியானது உள்ளூரிலேயே கிடைத்தது. அடி ஐம்பது ரூபாய்.

இனி சொல்வதுதான் இந்த மொத்த வேலையில் எனக்குப் பிடித்த இடம். புது பீடிங்கைச் சும்மா மாட்டி வைத்து, வீட்டிலிருந்து முகப் பவுடர் டப்பா கொண்டுவரச் சொன்னார். ஈரத் துணியால் ரப்பரைத் துடைத்து, சுற்றிலும் பவுடரைத் தட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தார். கதவின் உள்விளிம்பில் வெள்ளைக் கோடு பதிந்திருந்தது. கீழே விரல் அகலம், தடித்த கோடு. கீல் பக்கம் மெலிந்த கோடு. லாக் பக்கம் மேலே ஏற ஏற மங்கி, கண்ணாடிச் சட்டத்தின் பின்மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடே இல்லை. ஏழெட்டு வருடமாக மழை நுழைந்த வாசல் அதுதான். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, லாக்குக்குப் பக்கத்தில் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் துணி சுற்றிய மரக்கட்டையைக் கொடுத்து, அந்த மேல் மூலையை இரண்டு கையாலும் உள்பக்கமாக ஒரு தள்ளு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பகீர் என்றது. மறுபடி பவுடர், மறுபடி சாத்தல். கோடு பாதி வந்தது. இன்னொரு சின்னத் தள்ளு. மூன்றாவது தடவை சுற்றிலும் கோடு ஓடியது. கண்ணாடி மேலே இருக்கும்போது யாரும் இதைச் செய்துவிடாதீர்கள், உடைந்துவிடும்.

அடுத்தது லாக்கின் ஸ்ட்ரைக்கர், அதாவது கதவு லாக் வந்து மாட்டிக்கொள்கிற பாகம். அதைச் சுற்றி முதலில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டார், தப்பினால் பழைய இடத்துக்குத் திரும்புவதற்கு. திருகைத் தளர்த்தி இரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்த்தி இறுக்கினார். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தோம். தடையோடு வழுக்கி வந்தது. லேசாக உருவிக்கொண்டு வந்தால் இடைவெளி, வரவே மாட்டேன் என்றால் அதிக நசுக்கல்.

இரண்டாவது முறை மாட்டியது வேறு விதம். பின்பக்கத் தூணில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆரம்பிக்கச் சொன்னார். ஜாயின்ட் மேலே வந்தால் சொட்டும். படியிலேயே வந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும். அதனால் அந்த இடம். இழுக்கவே கூடாது. சொல்லப்போனால் மூலைகளில் கொஞ்சம் கூடுதலாக ஊட்டிவிட வேண்டும், அப்போதுதான் வளைவில் குழாய் ஒடுங்காமல் உருண்டையாக நிற்கும். ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு சென்டிமீட்டர் அதிகம் விட்டு வெட்டினோம். உள்ளே தகடு இருப்பதால் கத்தி போகாது, தகரம் வெட்டுகிற கத்தரிதான். அந்த ஒரு சென்டிமீட்டரை அமுக்கி உள்ளே தள்ளியதும் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நின்றன. குழாயில் அங்கங்கே ஊசி ஓட்டைகள் இருக்கும். தயாரிப்புப் பிழை என்று நினைத்து அடைத்துவிட வேண்டாம்; நசுங்கும்போது உள்காற்று வெளியேறுவதற்கான வழி அது.

கதவு ஒரு கையால் சாத்தும்படி ஆனது. ஆனால் மற்ற பக்கக் கண்ணாடி முழுதாக ஏறியிருந்தால் இன்னமும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கேபினுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குப் போக வழி இல்லை. கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கினால் சமர்த்தாக மூடிக்கொள்கிறது.

அன்று சாயங்காலம் நான் டார்ச்சோடு உள்ளே உட்கார, அப்பா தோட்டத்து ஹோஸைப் பிடித்தார். கீழே ஆரம்பித்து மெல்ல மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் எந்த உயரத்தில் நுழைகிறது என்று பிடிக்கலாம். பீடிங் ஓரமெல்லாம் காய்ந்தே இருந்தது. ஜன்னல் உயரத்துக்கு ஹோஸ் வந்து ஒரு நிமிடம் இருக்கும், கால் கட்டை விரலில் சில்லென்று பட்டது. தண்ணீர் பீடிங்கைத் தாண்டி வரவில்லை. கதவின் உள்பலகைக்கு அடியிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வராத குறை. டிங்கர் அண்ணனுக்குப் போன் செய்தால் சிரிக்கிறார். கண்ணாடி ஏறி இறங்குகிற பிளவு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விட வேண்டும். எங்கள் கதவில் மஞ்சித் தூளும் மண்ணும் சேர்ந்து அந்த ஓட்டைகளைச் சிமென்ட் மாதிரி அடைத்திருந்தன. குடைக் கம்பியை விட்டுக் குத்தியதும் பழுப்பு நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. போதாததற்கு, உள்பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளைக் காணோம். கண்ணாடி ஏற்றும் மெஷினை எப்போதோ ரிப்பேர் செய்தவர் கிழித்து எறிந்திருப்பார். யூரியா மூட்டையின் உள்பையை அந்த அளவுக்கு வெட்டி, சுற்றிலும் ஒட்டி, அடி முனையை மட்டும் கதவுக்குள் போகிற மாதிரி மடித்துவிட்டுப் பலகையைத் திருப்பி மாட்டினேன்.

வலது கதவை இதே வரிசையில் செய்தேன்: முதலில் கீல், அப்புறம் ஓட்டை, அப்புறம் பவுடர், கடைசியில் பீடிங். ஒரே நாளில் முடிந்தது.

ஆவணி முதல் வாரம் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் சாரல் விடவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். சாக்கு வீட்டில் இருந்தது.

தடிமனாக வாங்கிய அந்த முதல் பீடிங் வீணாகவில்லை. மாட்டுக் கொட்டகையில் தவிட்டுத் தொட்டியின் தகர விளிம்பு கன்றுக்குட்டியின் கழுத்தைக் கீறிக்கொண்டே இருந்தது. அம்மா அதை வெட்டிச் சுற்றிலும் மாட்டிவிட்டாள். அங்கே அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.