காற்று போகும் வழி: இன்டேக் மேனிஃபோல்ட் நாட்குறிப்பு

மார்ச் 2
இஞ்சினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியாயிற்று. பேட்டரி இணைப்பை எடுத்து, எரிபொருள் அழுத்தத்தை இறக்கிய பிறகே, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் கை வைத்தேன். சிலிண்டர் ஹெட்டில் வாய் பிளந்திருந்த துளைகளைத் துணியால் அடைத்துவிட்டேன்.

மார்ச் 3
மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டை மேனிஃபோல்டின் முகத்தில் பொருத்தி, நீலச் சாயம் பூசி, ஊசிமுனையால் துளைகளின் விளிம்பைக் கீறினேன். சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் காற்றுக் குழாய்களான ரன்னர்களில் மூன்று ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. நான்காவதில் வார்ப்புப் பிசிறு 2 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த உதட்டில் மோதும் காற்று சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது. அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று குறைகிறது. இஞ்சின் கணினியோ நான்குக்கும் ஒரே அளவு பெட்ரோலைத்தான் ஊற்றுகிறது. விளைவு, ஒரு சிலிண்டரில் எப்போதும் எரிபொருள் மிகுதி. காற்று நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் பெரிதாக வாங்கிப் போடுவதற்கு முன் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும் என்பேன்.

மார்ச் 5
ரன்னரை வெட்டிக் குட்டையாக்கலாமே என்று நண்பர் வற்புறுத்தினார். மறுத்துவிட்டேன். காற்றை உள்ளே விடும் வால்வு மூடும்போது எழும் அழுத்த அலை, ரன்னர்கள் கிளம்பும் பொது அறையான பிளீனம்வரை ஒலியின் வேகத்தில் போய்த் திரும்புகிறது. 40 செ.மீ. ரன்னரில் அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய 2.3 மில்லி வினாடி ஆகும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அந்த வால்வு 24 மில்லி வினாடிக்கு ஒருமுறை திறக்கிறது. திறந்திருக்கும் நேரத்தில் அழுத்தம் ஏறிய அலை வந்து சேர்ந்தால், கூடுதல் காற்று தானாக உள்ளே தள்ளப்படும். குட்டை ரன்னர் இந்தப் பொருத்தத்தை மேல் சுற்றுகளுக்குக் கொண்டுபோய்விடும்; கீழ் சுற்றுகளில் முறுக்குவிசை போய்விடும். 1991இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி காரில் ரன்னரின் நீளமே ஓட்டத்தின்போது மாறும். நிலையான நீளத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு அது பெரும் வியப்பு.

மார்ச் 8
நாள் முழுக்க டை கிரைண்டரால் துளைகளைத் தேய்த்தேன். கீறிய கோட்டைத் தாண்டவே கூடாது. மேனிஃபோல்டின் துளை ஹெட்டின் துளையைவிட இம்மி சிறிதாக இருந்தால் பாதகமில்லை. பெரிதானால் காற்று ஹெட்டின் சுவரில் நேராக மோதும். கடைசியாக 80ஆம் எண் உப்புத்தாள். கண்ணாடிபோல் பளபளக்க வைக்கத் தேவையே இல்லை. இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்தில் சற்றுச் சொரசொரப்பு இருந்தால் பெட்ரோல் சுவரில் படலமாகத் தங்காமல் காற்றோடு கலக்கும். பளபளப்புக்காகப் பாராட்டு கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 9
கழுவல், ஊதல், மறுபடி கழுவல். அலுமினியத் தூள் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது.

மார்ச் 12
பொருத்திவிட்டேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டே முறுக்கினேன். புகை செலுத்திப் பார்த்ததில் எங்கும் கசிவு இல்லை. ஐடிலிங் சீராக நிற்கிறது.

மார்ச் 15
இஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் காரை ஏற்றினோம். அழுத்த உணரியை நம்பும் இஞ்சின் என்பதால், கணினியில் காற்று நிரம்பும் அளவுக்கான அட்டவணையை முதலில் திருத்த வேண்டியிருந்தது. முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதத்தை 12.8க்குக் கொண்டுவந்தோம். 5,500 சுற்றில் முன்பைவிட 4 குதிரைத்திறன் கூடுதல். திறன் வரைபடத்தில் 3,000க்குக் கீழே புதுக் கோடு பழைய கோட்டின்மேல் அப்படியே படிந்திருக்கிறது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன். நான்காவதன் முனையில் இருந்த கரி போய், மற்ற மூன்றின் வெளிர்பழுப்பு அதற்கும் வந்திருக்கிறது.