பையனோட பின்மண்டையில கையில தட்டுப்பட்ட மேடு

ஒரு சனிக்கிழமை பையனுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறப்பதான் தெரிஞ்சுது, பொடனிக்கு மேல பின்மண்டை நடுவுல, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கல்லு மாதிரி ஒரு மேடு. எங்கடா இடிச்சுக்கிட்டன்னு கேட்டா இல்லம்மா ரொம்ப நாளா இருக்கு, மல்லாக்கப் படுத்தா குத்தும், ஹெல்மெட் போட்டா வலிக்கும்ங்கிறான். 18 வயசு. அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கமே இல்ல.

வீட்டுக்காரர் அண்ணன் வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பினார், போனைக் குனிஞ்சு பாக்குற பசங்களுக்கு மண்டையில கொம்பு முளைக்குதுன்னு 2019ல வந்த செய்தி. அவ்வளவுதான், பையன் கையில போன் இருந்தாலே வீட்டுல சண்டை. நானும் விடாம திட்டினேன், அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

பக்கத்துல கிளினிக்ல காட்டினோம், தலையைப் பக்கவாட்டுல வச்சு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. ஸ்கேன் சென்டர்ல குடுத்த ரிப்போர்ட்ல 'எக்ஸோஸ்டோசிஸ்'னு ஒரு வார்த்தை, விளக்க ஆளில்ல, டாக்டர் ஊர்ல இல்ல. கூகுள்ல போட்டா கட்டி கட்டின்னே வருது. எலும்புல கூடுதலா வளர்றதுக்குப் பொதுவா சொல்ற பேருதான் அதுன்னு அந்த மூணு நாள்ல யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா போதும், நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

அப்புறம் எலும்பு டாக்டர்கிட்ட போனோம். அவர் படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி மேட்டைத்தான் தொட்டுப் பாத்தார், பின்மண்டைக்கு நேர் நடுவுல இருக்கா, கெட்டியா இருக்கா, மேல தோல் தனியா நகருதான்னு. சீக்கிரமா பெருசாச்சா, தலைவலி வாந்தி உண்டா, ராத்திரி வலியில முழிக்கிறானான்னு கேட்டார், எதுவும் இல்லைன்னோம். அதுக்கப்புறம் வீட்டுக்காரரைக் குனியச் சொல்லி அவர் பின்மண்டையையும் தடவிப் பாத்தார், அங்கயும் இருக்கு! சின்னதா, ஆனா இருக்கு. இத்தனை வருஷம் அவருக்கே தெரியாது.

அந்த எடத்துல எல்லாருக்குமே ஒரு மேடு உண்டாம், பொடனி நடுவுல ஓடுற தசைநாரும் தோள்பட்டைத் தசையும் மண்டையில வந்து ஒட்டுற எடம் அது. சிலருக்கு அது நீண்டு வளரும், பொம்பளைங்களை விட ஆம்பளைங்களுக்கு நிறைய, வாலிப வயசுல அது துருத்திக்கிட்டு வலி குடுக்குறதும் உண்டு. நான் போன் விஷயத்தைக் கேட்டேன். அந்த வாட்ஸப் செய்திக்கு அடிப்படையான ஆராய்ச்சி ஆஸ்திரேலியாவுல பண்ணது, 2018ல வந்தது, 18 வயசுலேர்ந்து 86 வயசு வரைக்கும் 1200 பேர் எக்ஸ்ரே, மூணுல ஒருத்தருக்கு எலும்பு பெருசா இருந்துச்சு, ஆம்பளையா இருக்குறதும் தலை முன்னாடி தள்ளி நிக்கிறதும் அதோட சம்பந்தப்பட்டிருந்துச்சு, ஆனா யார் எத்தனை மணி நேரம் போன் பாத்தாங்கன்னு அவங்க அளக்கவே இல்லம்மா, அந்தக் கட்டுரைக்கே பின்னாடி திருத்தம் போட்டாங்கன்னார். எனக்கு அப்படியே பையன் மூஞ்சியைப் பாக்க முடியல.

வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல. நடுவுல பள்ளம் இருக்குற தலையணை, மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுக்குறது, வலிச்சா மட்டும் மாத்திரை, தாடையை உள்ள இழுத்துப் பிடிக்கிற கழுத்துப் பயிற்சி ஒண்ணு. எதுக்கும் கேக்காம வலி ரொம்ப நாள் நீடிச்சாதான் அந்த நீட்டத்தைச் செதுக்கி எடுக்கிற ஆபரேஷன், அது பெரும்பாலும் தேவைப்படாதுன்னு சொல்லிட்டார். மேடு ஒரு பக்கமா இருந்தாலோ, மெத்துன்னு இருந்தாலோ, வேகமா வளர்ந்தாலோ தள்ளிப் போடாம காட்டணும்னும் சொன்னார், உங்க வீட்டுல யாருக்காச்சும் அப்படி இருந்தா தயவுசெஞ்சு காட்டிடுங்க.

வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப, தப்பு என்னுதுடா, உன்னைப் போட்டுத் திட்டிட்டேன்னு அவன்கிட்டச் சொன்னேன். விடும்மான்னான். ஆறு மாசமாச்சு, மேடு அப்படியேதான் இருக்கு, படுத்தா இப்ப குத்துறதில்லையாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அந்த எடத்துல மட்டும் கை மெதுவா போகுது.