எம்ஜிபி ஏலம் முடிந்தது: மூன்றாவது ஆள் விலகிய இடத்தை வைத்து ரிசர்வைக் கணித்தேன்

விலை படிந்துவிட்டது. ரிசர்வை, அதாவது அதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று முன்பே குறித்த விலையை, தாண்டியது மட்டுமல்ல, நான் தாளில் எழுதி வைத்திருந்த மேல் வரம்பையும் தாண்டிப் போய் நின்றது. வண்டி 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், பிரிட்டனின் எம்ஜி செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். குரோம் பம்பர், ஓவர்டிரைவ் (வேகத்தில் இயந்திரச் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), கம்பிச் சக்கரம். இந்த வண்டிக்கு சில் (sill, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பகுதி) மாற்றிய கதை, கார்புரேட்டர் பிரித்த கதை எல்லாம் முந்தைய பதிவுகளில் வந்துவிட்டன. இது விற்ற கதை. தொகையைச் சொல்லவில்லை. காசு நாட்டுக்கு நாடு மாறும், சந்தை வருடத்துக்கு வருடம் மாறும். விலையை எப்படிக் கணித்தேன் என்பதுதான் அடுத்து விற்கப் போகிறவருக்கு வேண்டியது.

முதலில் ஒன்று. செலவு பில்களை விலைக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. அதற்கு மேல், 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளை வைத்தே புது பாடி ஷெல் அடித்துத் தந்துகொண்டிருக்கிறது. கிடைக்காத உதிரி என்று அநேகமாக எதுவும் கிடையாது. அதனால் எந்த எம்ஜிபியையும் மீட்டெடுக்கலாம். ஆனால் மீட்டெடுத்த செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். வாங்குகிறவருக்கு உங்கள் பில் ஒரு நல்ல ஆவணம், அவ்வளவுதான். அது விலை அல்ல.

சரி, அப்படியானால் விலை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானோர் முடிந்த ஏலங்களைத் தேடி, கடைசித் தொகைகளைக் குறித்து, சராசரி எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏலம் முடிகிற விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்ல, அவருக்கு அடுத்து நின்றவர். வென்றவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருந்தார் என்பது வெளியே தெரிவதே இல்லை. அந்த இரண்டு பேரும் ஒரே வண்டிமேல் ஆசைப்பட்டு மல்லுக்கு நின்றால் தொகை எங்கேயோ போய்விடும். அடுத்த மாதம் அதேபோன்ற வண்டி வரும்போது அந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டிருப்பார். அப்போது அந்தத் தொகையை யார் தருவார்?

அதனால் நான் பார்த்தது மூன்றாவது ஆளை. கேட்பு (ஏலத்தில் ஒருவர் சொல்லும் தொகை) வரலாறு முழுவதும் திறந்திருக்கும் தளங்களில் இதைச் செய்யலாம். யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்பது வரிசையாக இருக்கும். மேலிருந்து கீழே வந்து, மூன்றாவதாக வேறொரு பெயர் எந்தத் தொகையில் கடைசியாகக் கேட்டது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் குறைந்தது மூன்று பேர் கையில் பணத்தோடு நின்றார்கள் என்று பொருள். ஒருவர் போனாலும் இன்னும் இருவர் இருப்பார்கள். அதைத்தான் நான் சந்தை விலை என்பேன்.

இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியும் பேசும். முடிந்த விலையை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் தொண்ணூற்றைந்தில் விலகியிருந்தால் அந்த வண்டிக்குக் கூட்டம் இருந்தது, விலையை நம்பலாம். எழுபதிலேயே விலகியிருந்தால் அது இரண்டு பேருடைய பிடிவாதம், அந்த விற்பனையை ஓரமாக வைத்துவிட வேண்டும். என் அட்டவணையில் பெரும்பாலான வண்டிகள் எண்பத்தைந்துக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் விழுந்தன. பகட்டான ஒன்றிரண்டு விற்பனைகள் இந்தச் சல்லடையில் நிற்கவே இல்லை. மற்றவர்கள் விலைக்கு ஆதாரமாகக் காட்டுவது அந்த ஒன்றிரண்டைத்தான் என்பதையும் கவனித்தேன்.

விற்காமல் போன ஏலங்களையும் சேர்த்தேன். ரிசர்வ் தொடாத வண்டிக்கு வந்த கடைசிக் கேட்பும் ஒருவர் உண்மையாகவே தர முன்வந்த பணம்தான். டீலர் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை மட்டும் சேர்க்கவே இல்லை. அது கேட்கிற விலை, கிடைத்த விலை அல்ல.

அட்டவணையில் சேர்க்கும் முன் கழிக்க வேண்டியதும் நிறைய. கூபே உடல் கொண்ட ஜிடி தனிக் கணக்கு. 1974 பிற்பகுதியில் வந்த ரப்பர் பம்பர் வண்டிகளும் தனிக் கணக்கு; அவற்றின் உயரம் கூட்டப்பட்டதால் ஓட்டும் குணமே வேறு, வாங்குகிற கூட்டமும் வேறு. ஓவர்டிரைவ் இருப்பதையும் இல்லாததையும் ஒரே வரியில் வைக்கக் கூடாது. 2021, 2022 காலத்தில் பழைய கார்களின் விலை ஏறி, பிறகு தணிந்தது. அதனால் அந்தக் கால விற்பனைகள் எதையும் எடுக்கவில்லை.

கமிஷன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்எம் சோத்பீஸ், பான்ஹாம்ஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமான பிரீமியமும் சேர்ந்திருப்பது வழக்கம். பிரிங் எ டிரெய்லர் போன்ற இணையதளங்களில் காண்பது சுத்தியல் விலை, அதாவது ஏலத்தில் நின்ற கடைசிக் கேட்பு மட்டும். கட்டணம் அதற்கு மேல் தனி. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் மேடையில் விற்ற வண்டி எப்போதும் உயர்ந்ததாகத் தெரியும். நான் எல்லாவற்றையும் சுத்தியல் விலைக்கு இறக்கித்தான் ஒப்பிட்டேன். வாங்குகிறவரும் கட்டணத்தை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

எங்கே போடுவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கார்ஸ் அண்ட் பிட்ஸ் என்ற ஏலத் தளம் எண்பதுகள் முதல் வந்த வண்டிகளுக்கான இடம். எம்ஜிபி தயாரிப்பு 1980-லேயே நின்றுவிட்டது. முழுக் கேட்பு வரலாறும், கேள்வி-பதில் பகுதியும், கடைசி நிமிட நீட்டிப்பும் உள்ள தளமாகப் பார்த்து எடுத்தேன். நீட்டிப்பு இல்லாத இடத்தில் இந்த வண்டியைப் போட்டிருக்கவே மாட்டேன். கடைசி நொடியில் ஒருவர் புகுந்து தட்டிக்கொண்டு போகிற ஏலத்தில் மற்றவர்கள் தங்கள் உண்மையான வரம்பைத் தொடுவதற்குள் கதவு சாத்திவிடும். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கேட்பு வந்தால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போக வேண்டும். விற்பவருக்குப் பணம் வருவது அந்த நீட்டிப்பில்தான்.

ரிசர்வ்: மூன்றாவது ஆள் விலகிய தொகைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்து, அதிலிருந்து இன்னும் ஐந்து சதவீதம் குறைத்தேன். நண்பர் ஒருவர் இது அடிமாட்டு விலை என்று சண்டைக்கே வந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிசர்வ் என்பது எதிர்பார்க்கிற விலை அல்ல, அதற்குக் கீழே விற்கவே மாட்டேன் என்கிற கோடு. அதை எதிர்பார்ப்புக்குப் பக்கத்தில் வைத்தால் 'ரிசர்வ் தொடவில்லை' என்ற வரி கடைசி வரை அங்கேயே நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள் விற்பவர் இறங்கி வரமாட்டார் என்று முடிவு செய்து அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். என் ஏலத்தில் கடைசி நாளுக்கு முன்பே 'ரிசர்வ் தொட்டது' என்று மாறியது. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெயர்கள் அதற்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தன.

வண்டியின் நிலையைச் சொல்வதில் பழைய கார்களை மதிப்பிடும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் 1 (மிகச் சிறந்தது) முதல் 4 வரையிலான தர வரிசையைப் பின்பற்றினேன். பலர் கண்ணை மூடிக்கொண்டு 2 என்று போட்டுவிடுகிறார்கள். என் வண்டி நல்ல 3. கதவின் உள் விளிம்பில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது, முன் கிரில் குரோமில் புள்ளி விழுந்திருக்கிறது. 3 என்று எழுதி, படங்கள் அதைவிடக் கொஞ்சம் மேலே காட்டினால் வாசிப்பவர் மனதில் விலை ஏறும். 2 என்று எழுதி ஒரு துருப்புள்ளி தெரிந்தால் எல்லாமே சந்தேகம்தான்.

இந்த வண்டியை வாங்குகிறவர் பயப்படுவது ஒன்றுக்கு மட்டும்: சில். வெளிச் சில், நடுத் தகடு, கீழே கேஸில் செக்‌ஷன் என்று மூன்றும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. வெளித் தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்டவைத்து பெயிண்ட் அடித்த வண்டிகள் ஏராளம். எனவே வெல்டிங் நேரத்தில் எடுத்த படங்களைத் தேதி வாரியாகப் போட்டேன். பிறகு ஒரு வீடியோ: வண்டியை ஒரு பக்கம் ஜாக் போட்டுத் தூக்கும்போது கதவின் இடைவெளியில் ஒரு காகிதத்தை மேலும் கீழும் இழுத்துக் காட்டினேன். சில் வலுவிழந்திருந்தால் கதவின் இடைவெளி நெருக்கிப் பிடித்துவிடும். காகிதம் தடையில்லாமல் ஓடியது. பெயிண்ட் தடிமன் மீட்டரை ஒவ்வொரு தகட்டிலும் வைத்து எண் தெரிய எடுத்த படங்களும் உண்டு. முழுவதும் மறுபெயிண்ட் என்பதால் மைக்ரான் எண்கள் கூடுதலாகத்தான் இருந்தன, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தன. ஆயிரத்தைத் தாண்டிய இடம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் முக்கியம். பட்டி அடைத்திருந்தால் மீட்டர் அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

குளிர்ந்த நிலையில் கிளப்பும் வீடியோவை வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ராக்கர் கவரில் கை வைத்துக் காட்டி, சோக் இழுத்து, சாவி திருப்பி, எண்ணெய் அழுத்த முள் எழுவது வரை. இயந்திரம் சூடேறிய பிறகு ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 என்பது கையேட்டுக் கணக்கு; இரண்டையும் முள்ளோடு காட்டினேன். ஓவர்டிரைவுக்கு வார்த்தையே தேவைப்படவில்லை. நான்காவது கியரில் 3000 சுற்றில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் முள் 2500 பக்கம் இறங்கும். விகிதம் 0.82 என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு நொடி போதும்.

ஆவணங்களில் மிகவும் உதவியது இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழ். தயாரான தேதி, இயந்திர எண், முதல் நிறம், தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் அம்சங்கள் எல்லாம் அதில் இருக்கும். என் வண்டி அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து டீல் ப்ளூ (பச்சை கலந்த நீலம்) நிறத்தில் வெளியே வந்தது, இப்போது சிவப்பு. அதை விவரத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். இயந்திர எண் பொருந்துகிறது என்று போட்டதும் விவரம் தெரிந்த ஒருவர் எண் தகட்டின் ரிவெட்டுகளை நெருக்கமாகப் படம் எடுத்துப் போடச் சொன்னார். மிகச் சரியான கேள்வி. அந்தத் தகடு பிளாக்கில் ரிவெட் அடித்தது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம். பழைய ரிவெட், அதன் மேல் பழைய பெயிண்ட் என்று தெளிவாகத் தெரிய எடுத்துப் போட்டேன். கேட்டவரே பிறகு ஏலத்தில் இறங்கினார்.

இடையில் சப்ளையர்கள் பற்றி. எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் ஜோடிக்கான பாகங்களை பர்லன் நிறுவனத்திடமிருந்து வாங்கியது நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று. எஸ்யூ பெயரில் அசல் பாகங்கள் அவர்களிடமிருந்துதான் வருகின்றன. திராட்டில் ஸ்பிண்டில் அளவாக உட்கார்ந்தது, ஐடில் அன்றே படிந்தது. கிரில் கதை அதற்கு நேர் எதிர். மறுதயாரிப்பு கிரில் ஒன்று வரவழைத்தேன். துளைகள் பொருந்தவில்லை, குரோம் காகிதம்போல மெல்லியது. அனுப்பியவர் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். புள்ளி விழுந்த அசல் கிரிலையே மாட்டி விற்றேன். அதுதான் சரி என்று இன்னமும் நினைக்கிறேன். 1971-இன் உள்வாங்கிய கறுப்பு கிரிலைத் தேடுகிறவருக்கு அசல் என்றால் அசல்தான்.

கடைசி நீட்டிப்புகளில் மூன்று பேர் நின்றார்கள். மூன்றாவது ஆள் விலகியது என் அட்டவணையின் நடு எண்ணுக்குக் கொஞ்சம் மேலே. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கடைசித் தொகையைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அதற்கு மேல் மற்ற இருவரும் ஏற்றியதெல்லாம் சில் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் கிடைத்தது என்றே கணக்கு வைத்திருக்கிறேன்.

இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. பணம் வந்துவிட்டது; உரிமை மாற்றத் தாள்கள் பாதியில் நிற்கின்றன, லாரி வரவில்லை. பழைய ஆல்டர்னேட்டர், கழற்றிய ஸ்டீயரிங், பழைய பேனல்களில் வெட்டி வைத்த டீல் ப்ளூ துண்டு ஒன்று, எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வண்டியோடு அனுப்பப்போகிறேன். நிறத்தைத் திரும்ப மாற்ற நினைத்தால் அந்தத் துண்டு அவருக்கு வேண்டும்.

அதற்குள் அடுத்த அட்டவணை ஆரம்பமாகிவிட்டது. எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் உடன்பிறப்பான எம்ஜிசி ஜிடி. 1967 முதல் 1969 வரை மட்டும் வந்தது, ரோட்ஸ்டரும் சேர்த்து ஏறக்குறைய ஒன்பதாயிரம்தான். 2912 சிசி இயந்திரம், முன்னால் ஸ்பிரிங்காக டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. மூக்கு கனம் என்று வெளியான காலத்தில் திட்டு வாங்கிய வண்டி, அதனாலேயே நீண்ட காலம் குறைவாக மதிக்கப்பட்டது. இந்த முறை நான் வாங்கும் பக்கம். விற்பனைகள் குறைவு என்பதால் நடு எண் இன்னும் நிலையாக நிற்கவில்லை. மூன்றாவது ஆள் வெகு கீழே விலகிய ஏலங்களாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். டயரையும் முன் சஸ்பென்ஷனையும் மாற்றி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் என்ன அளவு டயர், எவ்வளவு அழுத்தம் என்று சொல்லுங்கள். லாரி வந்ததும் ஏற்றும் படங்களைப் போடுகிறேன்.