மகுரா வி5: 1:35 அளவில் ஆளில்லாப் படகு, இதுவரை நடந்த வேலை

வெடிமருந்தோடு போய்க் கப்பல்மேல் மோதும் உக்ரைனின் மகுரா வி5 ஆளில்லாப் படகை 1:35 அளவில், கடையில் கிடைக்கும் கிட் எதுவும் இல்லாமல், பிளாஸ்டிக் தகட்டிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். முதல் படகு முடிந்தது. அது மிதக்கும் கடலும் அநேகமாக முடிந்தது. இரண்டாவது படகு பிரைமர் அடித்த நிலையில் நிற்கிறது. நான் டாங்கி, லாரி என்று தரையிலேயே இருந்த ஆள். 1:35 என்ற அளவு அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். கப்பல் செய்பவர்கள் இந்த அளவைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் இந்தப் படகுக்கு இது சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இது ஒரு காரைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

நிஜப் படகின் நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், தண்ணீருக்கு மேலே தெரியும் உயரம் அரை மீட்டர். முப்பத்தைந்தால் வகுத்தால் 157, 43, 14 மில்லிமீட்டர். இதோடு வெளியான மற்ற விவரங்கள்: சாதாரண வேகம் 22 நாட், அதிகபட்சம் 42 நாட் (மணிக்குச் சுமார் 78 கி.மீ.), போகும் தூரம் சுமார் 800 கி.மீ., சுமக்கும் எடை 320 கிலோ. மாடலுக்கு இவை எதற்கு என்று கேட்கலாம். வேகம் தெரியாமல் படகின் பின்னால் எவ்வளவு நுரை போடுவது என்று முடிவு செய்ய முடியாது.

முறையான வரைபடம் கிடைக்காது என்று எதிர்பார்த்ததுதான். 2023 ஜூலையில் இஸ்தான்புல் ஐடெஃப் ஆயுதக் கண்காட்சியில் இந்தப் படகைப் பொதுப் பார்வைக்கு வைத்தார்கள். அங்கே எடுத்த படங்களை வைத்துத்தான் வேலை. பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, நீளத்தை 157 மி.மீ. வரும்படி அச்சிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்தேன். அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்த படங்கள் இதற்கு உதவாது, முன்பகுதி ஊதித் தெரியும். தூரத்திலிருந்து எடுத்தவற்றையே தேடிப் பிடிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கிரிமியாவின் செவஸ்தபோல் அருகே ஓமேகா விரிகுடாக் கரையில் ஒதுங்கிய படகின் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது வேறு, முந்தைய வடிவம். ஆனால் பின்புறத்தில் தட்டையான ஆண்டெனா, நடுவில் கேமரா என்று மேல்தளத்தில் எது எங்கே உட்காருகிறது என்ற ஓர் எண்ணத்தை அந்தப் படங்கள்தான் கொடுத்தன.

உடல் வேலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடுவே நீளவாக்கில் ஒரு தகடு, அதில் குறுக்குச் சட்டங்கள், மேலே மெல்லிய தகட்டுத் தோல், இடைவெளிகளில் புட்டி, அப்புறம் உப்புத்தாள், மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள். அடிப்பக்கம் வி வடிவம். தண்ணீரில் உட்காரப்போகும் படகுதானே, அடிப்பக்கம் எதற்கு என்று தோன்றும். வேகமெடுத்ததும் இந்தப் படகு அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு ஓடும், முன்பாதியின் அடி வெளியே தெரியும். அதனால் முன்பாதியை முழுதாகச் செய்து, பின்பாதியைச் சரிவாக அறுத்துவிட்டேன்.

பின்னால் புரொப்பெல்லர் இல்லை. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வாட்டர்ஜெட் இயந்திரம். திருப்புவதற்கும் தனிச் சுக்கான் வேண்டாம், பீய்ச்சும் வாயைத் திருப்பினால் போதும். மாடல் செய்பவனுக்கு இது பெரிய நிம்மதி: தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் நுனிக் கூம்பை வெட்டி ஒட்டினால் அந்த வாய் தயார். நிஜத்திலும் கீழே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை என்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் ஓடலாம்.

மேல்தளச் சாமான்கள் கொஞ்சம்தான், ஆனால் அதிக நேரம் தின்றவை அவையே. கேமராக் கம்பம் ஊசி அளவு. ஆண்டெனா ஒரு சின்னச் செவ்வகம், ஓரம் லேசாக உருண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரப்பலகை மாதிரி இருக்கும். அந்தச் செவ்வகத்தை ராவிக்கொண்டிருக்கும்போது, இந்தப் படகின் மிகப் பலவீனமான இடமே இதுதான் என்று தோன்றியது. வெடிமருந்து, இயந்திரம், எரிபொருள் எல்லாம் படகுக்குள்ளேயே இருக்கின்றன. ஓட்டுபவருடன் உள்ள தொடர்பு மட்டும் வேறொருவர் கையில். செவஸ்தபோல்வரை ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையை இயக்கித்தரும்படி வந்த கோரிக்கையைத் தான் ஏற்கவில்லை என்று அதை நடத்தும் ஈலான் மஸ்க் 2023 செப்டம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்தத் தொடர்புச் சிக்கல் புதிதும் அல்ல. நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோ அலையால் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். ரிமோட் படகு ஓட்டுபவர்களுக்கு அவர்தான் குலதெய்வம். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வெடிமருந்து நிரப்பிய படகுகளைக் கரையிலிருந்து நீண்ட மின்கம்பி வழியாக ஓட்டினார்கள். மேலே ஒரு விமானம் பறந்து திசை சொல்லும். 1917 அக்டோபர் 28 அன்று அப்படி ஒரு படகு எரெபஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்மேல் மோதியது. கப்பலுக்குச் சேதம், மூழ்கவில்லை. கம்பி, விமானம், கரையில் ஒரு நிலையம் என்று அன்று தேவைப்பட்ட அத்தனை ஏற்பாட்டுக்கும் பதிலாக இன்று நிற்பது நான் ராவிக்கொண்டிருந்த அந்தச் செவ்வகமும் ஊசிக் கம்பமும்.

பெயிண்ட். ஒளிப்படத்துக்கு ஒளிப்படம் படகு சாம்பலாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. நான் அடர் சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்து ஏர்பிரஷில் அடித்தேன். சுத்தக் கறுப்பு சின்ன மாடலில் எல்லா நுணுக்கத்தையும் விழுங்கிவிடும். அதன்மேல் மினுமினுப்பில்லாத வார்னிஷ், அவ்வளவுதான். டாங்கி செய்பவன் கை இங்கே அரித்துக்கொண்டே இருக்கும்: துரு, சேறு, உரிந்த பெயிண்ட், எண்ணெய்க் கசிவு. ஆனால் ஒரே ஒரு முறை கடலில் இறங்கித் திரும்பாமல் போகிற படகில் துரு எங்கிருந்து வரும்? அதனால் அதைச் சுத்தமாகவே விட்டேன். பார்க்க வந்த நண்பர் ஒருவர் “இன்னும் முடிக்கலையா?” என்றார். முடிந்துவிட்டது என்று சொல்லி நம்பவைக்க வேண்டியிருந்தது.

உண்மையான வேலை கடலில்தான் இருந்தது.

அடித்தளத்துக்குத் தெர்மாகோல் பலகை. அலைகளைக் கத்தியால் செதுக்கி, கசக்கி விரித்த அலுமினியத் தாளைப் பசை தடவி மேலே ஒட்டி, நீலப்பச்சை கலந்த கருமை அடித்து, அதற்குமேல் பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். இதெல்லாம் பழகிய முறை. சங்கடம் கணக்கில் வந்தது. ஒரு மீட்டர் அலை என்பது கடலில் சாதாரணம். 1:35இல் அது 29 மி.மீ. என் படகு தண்ணீருக்குமேல் 14 மி.மீ. அதாவது சாதாரண அலையே படகைப்போல இரண்டு மடங்கு உயரம். கணக்குப்படி அலைகளைச் செதுக்கி முடித்துப் படகை நடுவில் வைத்தேன், பக்கத்திலிருந்து பார்த்தால் படகைக் காணோம். கேமராக் கம்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

மாடலாகப் பார்த்தால் இது தொல்லை. காட்சிக்கு வைக்கும் பொருளே மறைந்துபோனால் எதைக் காட்டுவது? ஆனால் இந்தப் படகின் முழு ரகசியமும் அந்த 14 மி.மீ.யில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. படகு பற்றிப் படித்தபோதெல்லாம் வேகம், வெடிமருந்து, தூரம் என்றே மனதில் பதிந்திருந்தது. செய்து பார்த்த பிறகு அவை எல்லாம் இரண்டாம்பட்சம் என்றுதான் சொல்வேன்.

சரி, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று ஒரு சோதனை செய்தேன். கப்பலின் மேல்தளத்தில் தண்ணீரிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஒரு காவலர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தொடுவானம் சுமார் 11 கி.மீ. தூரத்தில். அரை மீட்டர் உயரமுள்ள பொருள் என்றால், தட்டையான கடலில், 14 கி.மீ.க்கு நெருங்கும்போதே அவர் பார்வைக் கோட்டுக்குள் வந்துவிடும். ஏட்டுக் கணக்கில் நிறைய நேரம் இருக்கிறது. 10 மீட்டர் என்பது 1:35இல் 29 செ.மீ. அறையின் மறுகோடியில், நாலு மீட்டர் தள்ளி, அந்த உயரத்தில் கண்ணை வைத்து, விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தேன். படகு எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும், அப்படியும் தேட வேண்டியிருந்தது. அந்த நாலு மீட்டர் நிஜத்தில் 140 மீட்டர். 42 நாட் வேகத்தில் படகு அதைக் கடக்க ஆறரை விநாடி. ஒரு முழுக் கிலோமீட்டர் என்றால்கூட 46 விநாடிதான்.

படகைக் காட்டிக்கொடுப்பது அதன் நுரைதான். முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் எழும் வெள்ளைக் கோடு படகைவிடப் பல மடங்கு நீளம். மெதுவாக நெருங்கி, கடைசியில் மட்டும் பாய்ந்தால் அந்தக் கோடும் கடைசியில் மட்டுமே வரும். நான் பாய்ச்சல் காட்சியைத்தான் தேர்ந்தெடுத்தேன். மாடல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அலை உயரத்தையும் அரை மீட்டருக்கு இறக்கினேன். நுரைக்குப் பஞ்சு வைத்தால் மேகம் மாதிரி ஆகிவிடுகிறது. ஜெல்லை ஊசியால் இழுத்து, காய்வதற்குள் நுனியில் வெள்ளைப் பெயிண்டை உலர் தூரிகையால் தொட்டெடுப்பது பரவாயில்லை. இந்த அளவில் ஒரு நீர்த்துளி கடுகு அளவு இருந்தாலே நிஜத்தில் அது எலுமிச்சை அளவு ஆகிவிடும், அதனால் துளிகள் தூளாக இருக்க வேண்டும். இந்தப் பகுதி இன்னும் எனக்குத் திருப்தியில்லை.

படகுக்குப் பின்னணியாக ஒரு கப்பல் வேண்டும் என்று ஆசை வந்தது. 2024 பிப்ரவரி 14 அன்று கிரிமியாவின் அலுப்கா அருகே மகுரா படகுகள் தாக்கி மூழ்கிய சீசர் குனிக்கோவ் என்ற ரஷ்யத் தரையிறக்கக் கப்பல் 112.5 மீட்டர், இந்த அளவில் 3.2 மீட்டர் வரும். அறையில் இடமில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, கிரிமியாவின் தொனுஸ்லாவ் ஏரிப் பகுதியில் அதேபோல் தாக்கப்பட்டு மூழ்கிய ரஷ்யாவின் இவானொவெட்ஸ் 56 மீட்டர். 1:35இல் 1.6 மீட்டர். அதன் பக்கத் தோற்றத்தை மட்டும் அட்டையில் வெட்டிச் சுவரோடு நிறுத்தினேன். முன்னால் 157 மி.மீ. படகு. அந்தத் தாக்குதலில் ஒரு படகு மட்டும் வரவில்லை, அடுத்தடுத்துப் பல வந்தன. உக்ரைன் ராணுவ உளவுத்துறை வெளியிட்ட காணொளி அந்தப் படகுகளின் கேமராவிலிருந்தே எடுத்தது. கப்பலிலிருந்து சுடும் குண்டுகள் சுற்றிலும் தண்ணீரில் தெறிப்பது அதில் தெரியும். எல்லாம் இரவுக் கேமராவின் சாம்பல் நிறம், அதனால் அட்டைக் கப்பலுக்கும் சாம்பல் சாயல்களையே, விளிம்புகள் கலங்கும்படி, ஏர்பிரஷில் அடித்தேன். முழுக் காட்சியையும் சாம்பலில் செய்யலாமா என்று யோசித்தேன். படகு ஏற்கனவே சாம்பல், கடல் ஏறத்தாழக் கறுப்பு. நான் யோசிக்கும் முன்பே முக்கால்வாசி அப்படித்தான் இருந்தது.

வெடிப்பைக் காட்டப்போவதில்லை. அது பஞ்சும் ஆரஞ்சுப் பெயிண்டுமாக முடியும், தவிர அந்தக் கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள்.

இவானொவெட்ஸ் பற்றிப் படித்ததில் ஒன்று மனதில் நின்றது. அது மொஸ்கிட் ஏவுகணைகள் ஏந்திய சிறு போர்க்கப்பல். இந்த வகையின் மூதாதைகள் ஏவுகணை ஏந்திய சோவியத் கோமார் படகுகள். 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் கோமார் படகுகள் போர்ட் சயீத் அருகே இஸ்ரேலின் எய்லட் என்ற டிஸ்ட்ராயர் வகைப் பெரிய போர்க்கப்பலை ஏவுகணையால் மூழ்கடித்தபோது, சின்னதும் மலிவானதும் பெரியதை வீழ்த்தும் என்று கடற்படைகள் எல்லாம் அதிர்ந்தன. அந்தப் பரம்பரையில் வந்த கப்பலை இப்போது அதைவிடச் சின்னது வந்து வீழ்த்தியிருக்கிறது.

இப்போது இரண்டாவது படகு. ரஷ்யா இந்தப் படகுகளை வேட்டையாட ஹெலிகாப்டர்களை அனுப்பத் தொடங்கியது. 2024 டிசம்பர் 31 அன்று கிரிமியாவின் தர்கான்குத் முனை அருகே ஒரு மகுரா வி5, ஆர்-73 ஏவுகணையால் எம்ஐ-8 ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியது. போர்விமானத்தின் இறக்கையில் தொங்கும் ஏவுகணை அது. அதன் நீளம் 2.93 மீட்டர், 1:35இல் 84 மி.மீ. படகின் நீளத்தில் பாதிக்கு மேல்! அட்டையில் வெட்டி மேல்தளத்தில் வைத்துப் பார்த்தபோது விகிதம் தப்பாகிவிட்டதோ என்றே நினைக்கத் தோன்றும், ஆனால் கணக்கு சரிதான். விமானக் கிட்டில் வரும் ஏவுகணையை எடுத்துப் போடலாம் என்றால் 1:32இல் அது 92 மி.மீ., 1:48இல் 61 மி.மீ., இரண்டும் உதவாது. 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் குழாயில் சொந்தமாகத்தான் செய்ய வேண்டும். பின்பக்கம் சாய்ந்து நிற்கும் ஏவுதடங்களுக்கு இன்னும் தெளிவான படம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வகைப் படகு மோதுவதற்காகப் போவதில்லை, வேலை முடிந்தால் திரும்பி வரலாம். அதனால் முதல் படகில் அடக்கிவைத்த கை இதில் அவிழ்ந்துவிடும்: அணியத்தில் உரசல், பக்கவாட்டில் உப்புப் படிவு, ஏவுதடத்தின் பின்னால் புகைக்கரி. உப்புப் படிவுக்கு வெள்ளையை நேரடியாகப் பூசாமல், நீர்த்த அக்ரிலிக்கைத் தெளித்து ஓரம் மட்டும் காயவிட்டு நடுவைத் துடைத்தெடுக்கும் முறையை ஒரு துண்டுத் தகட்டில் முயன்றேன், நன்றாக வருகிறது. அடுத்தது ஏவுகணையின் துடுப்புகள். 0.25 மி.மீ. தகட்டில் வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.