ஒரு 'எஸ்' வைத்த வேட்டு

வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. கட்டட வேலையைப் பாதியில் விட்டுப்போன காண்டிராக்டருக்கு ஒரு நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் அடிக்கச் சொன்னார் சீனியர். அதில் 'டேமேஜஸ்' என்று இருந்தது. டேமேஜ் என்றால் சேதம், அப்படியென்றால் டேமேஜஸ்? "ஐம்பதாயிரம் ரூபாய் சேதங்களை எங்கள் கட்சிக்காரருக்குத் தாங்கள் செலுத்த வேண்டியது" என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அவன் பண்ணிட்டுப் போன சேதம் பத்தாதா? இன்னும் ஐம்பதாயிரத்துக்குப் பண்ணணுமா?"

அன்றைக்குத்தான் தெரிந்தது, சட்டத்தில் அந்த எஸ் பன்மை இல்லை, அது நட்டஈடு. சாதாரண ஆங்கிலத்திலோ டேமேஜுக்குப் பன்மையே கிடையாது. புயலில் ஒரு வீடு இடிந்தாலும் ஊரே இடிந்தாலும் டேமேஜ்தான். மூலமான லத்தீன் சொல் 'டாம்னும்', இழப்பையும் குறிக்கும், அபராதத்தையும் குறிக்கும். அதாவது காசு அந்தச் சொல்லுக்குள் ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் பரவாயில்லை. அதன் 73வது பிரிவு, பட்ட நஷ்டத்தை 'லாஸ் ஆர் டேமேஜ்' என்கிறது; கொடுக்க வேண்டிய பணத்துக்கு 'காம்பன்சேஷன்' என்று தனிச் சொல். அதை முதலில் படித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

விபத்து வழக்குகள் வந்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. வண்டிக்கு டேமேஜ், ஆளுக்கு இஞ்சுரி. மாற்றி எழுதினால் ஆளை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிய மாதிரி இருக்கும். ஆனால் அதே ஆளின் கல்லீரலுக்கும் மூளைக்கும் டேமேஜ் வரலாம், டாக்டர்களே எழுதுவார்கள். நம் ஊரில் அந்தக் கவலையெல்லாம் இல்லை. நூல் இழுத்த புடவை டேமேஜ் பீஸ்; சொந்தக்காரர்கள் நடுவில் ஒருத்தர் வாரிவிட்டால் ஆளே மொத்த டேமேஜ்.

அதற்கப்புறம் டீக்கடையில் காசு கொடுக்கும்போதெல்லாம் சீனியர் என்னைப் பார்த்துக்கொண்டே, "வாட்ஸ் த டேமேஜ்?" என்று கேட்பார். என்னைத்தான் குத்துகிறார் என்று ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். 'பில் எவ்வளவு' என்று இங்கிலாந்துக்காரர்கள் விளையாட்டாகக் கேட்பதே அப்படித்தானாம். அகராதியில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.